ஒரு நாள் சரியான நேரத்தைச் சொன்னேன்

1. காலி நாற்காலி

வெள்ளிக்கிழமை மதியம் ஒன்று இருபத்தெட்டு. கம்ப்யூட்டர் திரையில், ஜெர்மனியிலிருந்து டாக்டர் உர்சுலா உட்கார்ந்திருந்தார். சுற்றிலும் எகிப்து, வியட்நாம், பிரேசில் என்று எட்டு பிள்ளைகள், தலைவாரி, இஸ்திரி போட்ட சட்டையோடு, ஆளுக்கு ஒரு கட்டத்தில் தயாராக இருந்தார்கள். எங்கள் கட்டத்தில் மட்டும் ஒரு காலி நாற்காலி. அதற்குப் பின்னால் சுவரில் ஒட்டியிருந்த பெர்லின் போஸ்டர் ஒரு முனையில் டேப் விட்டுத் தொங்கிக்கொண்டிருந்தது. நாற்காலியில் உட்கார வேண்டிய மும்தாஜ் வரவில்லை.

எனக்கு மண்டை காய்ந்துவிட்டது. அந்த ஆறு வாரத்தில் எத்தனையோ நாள் காய்ந்த மண்டைதான், ஆனால் அன்றைக்குக் காய்ந்தது வேறு.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். பெயர் ஏகாம்பரம். திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் ஒரு டயர் கடைக்கு மேல்மாடியில் வெளிநாட்டுப் படிப்புக்கு ஆலோசனை சொல்லும் மையம் ஒன்று இருக்கிறது. அங்கே நான் கோ-ஆர்டினேட்டர். அதற்கு முன்னால் முப்பத்தோரு வருஷம் துறைமுகத்தில் சரக்கு கிளியரிங் ஆபீசில் டாக்குமென்ட் வேலை.

ஜெர்மனியில் ஒரு பல்கலைக்கழகம் கோடையில் ஆறு வாரம் ஆன்லைனில் ஒரு நிகழ்ச்சி நடத்துகிறது. வெளிநாட்டுப் பிள்ளைகள் அங்கே போய்ப் படித்தால் எப்படியிருக்கும் என்று முன்கூட்டியே காட்டுவதுதான் நோக்கம். கிரெடிட் என்றால் என்ன, பேராசிரியருக்கு எப்படி மெயில் எழுதுவது, தேர்வுக்கு நாமே பதிவு செய்யாவிட்டால் யாரும் கூப்பிட்டு எழுத வைக்க மாட்டார்கள் என்பதுவரை சொல்லித்தருவார்கள். கடைசியில் ஒவ்வொருவரும் பத்து நிமிஷம் பேச வேண்டும். அதற்கு முன்னால் பெயர் வாசிக்கும்போது இல்லாதவருக்குச் சான்றிதழ் கிடையாது.

மும்தாஜுக்கு அந்தச் சான்றிதழ்தான் ஒரே வழி. வயது இருபத்தாறு. மணலியில் ஒரு கம்பெனி லேபில் கழிவுநீர் டெஸ்ட் செய்யும் வேலை. இன்ஜினியரிங் டிகிரியில் மார்க் சுமார்தான், அதை வைத்து நேரடியாக விண்ணப்பித்தால் முதல் சுற்றிலேயே ஒதுக்கிவிடுவார்கள். இந்த நிகழ்ச்சியில் தேறியவர்களை மட்டும் மார்க் பார்க்காமல் நேர்முகத்துக்குக் கூப்பிடுவதாக அந்தப் பல்கலைக்கழகம் எழுதியே கொடுத்திருந்தது. இந்தக் கோடை தவறினால், மறுவருஷம் அந்தச் சலுகை இருக்குமா என்பது அவர்களுக்கே தெரியாது.

அப்படிப்பட்ட பெண்ணின் நாற்காலி காலியாக இருந்தது. அதற்குக் காரணம் நான்தான். முழுவதையும் சொன்னால்தான் புரியும்.

2. டிராயரில் பூட்டிய நேரம்

கிளியரிங் ஆபீசில் சேர்ந்த முதல் நாளே என் முதலாளி எனக்கு ஒரு பாடம் எடுத்தார். ஏற்றுமதிக்குப் போகிற கன்டெய்னர், கப்பலுக்குக் குறித்த கட்-ஆஃப் நேரத்துக்குள் துறைமுக கேட்டுக்குள் நுழைந்தாக வேண்டும். ஒரு நிமிஷம் தாண்டினாலும் சரக்கை விட்டுவிட்டுக் கப்பல் போய்விடும். அன்றைக்கு கட்-ஆஃப் மாலை ஆறு மணி. லாரிக்காரர் கேட்டதும் நானும் நல்ல பிள்ளையாக ஆறு மணி என்று சொல்லிவிட்டேன்.

முதலாளி போனைப் பிடுங்கி வைத்தார்.

"இன்னாய்யா இது, ஆறுன்னா சொன்ன? எண்ணூர் ரோட்டுல லாரி லைன் எம்மாந்தூரம் நிக்குதுன்னு தெரியுமா? அவன் ஆறுக்குத்தான்யா வூட்லேர்ந்து கெளம்புவான்! இனிமே எவன்கிட்டயும் கரெக்ட் டைம் சொல்லாத. கரெக்ட் டைம் நம்ம டிராயர்ல பூட்டி இருக்கணும். இன்னா புரிஞ்சுதா?"

புரிந்தது. முப்பத்தோரு வருஷம் புரிந்தபடியே நடந்தேன். ஆறு என்றால் நான்கு என்பேன். நள்ளிரவு என்றால் இரவு ஒன்பது என்பேன். சரக்கு தவறியது மிகக் குறைவு. எனக்கு அதில் கர்வமே உண்டு.

தாமதமானால் என்ன சொல்வது என்பதற்கும் ஒரே பதில் வைத்திருந்தோம். டிராஃபிக். லாரி கிளம்பவே இல்லை என்றாலும் டிராஃபிக். பேப்பரில் கையெழுத்து விட்டுப்போயிருந்தாலும் டிராஃபிக். கேட்கிறவர்களுக்கும் அது பொய் என்று தெரியும், அவர்களும் அதையே மேலே சொல்வார்கள்.

எனக்கு அந்த நாளில் வண்டி ஓட்டியவர்களில் ஒருவர் காதர் பாய். தண்டையார்பேட்டைக்காரர். இரண்டு லாரி வைத்திருந்தார். இப்போது லாரியை விட்டுவிட்டு, சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் ஷீட் குடோன் வைத்திருக்கிறார். அவர் மகள்தான் மும்தாஜ். என்னை நம்பித்தான் அவளை இந்த மையத்துக்குக் கொண்டுவந்து சேர்த்தார். நம்பி என்று நான் எழுதுகிறேன், அவர் எந்த அளவுக்கு நம்பினார் என்பது பின்னால்தான் எனக்குத் தெரிந்தது.

3. ஆறு பேருக்கு ஒரு மெயில்

மையத்தை நடத்துகிறவர் ஸ்டெல்லா மேடம். என்னைவிட இருபது வயது சின்னவர், கறாரானவர். ஆங்கிலம் நன்றாகப் பேசுகிறவர்கள் வேண்டாம், பேப்பர் தொலைக்காதவர் வேண்டும் என்று சொல்லித்தான் என்னை எடுத்தார்.

அந்தக் கோடைக்கு எங்கள் மையத்திலிருந்து ஆறு பேர் சேர்ந்தார்கள். பதிவுப் படிவத்தில் மெயில் முகவரி கேட்டது. பிள்ளைகளிடம் விட்டால் பாஸ்வேர்டை மறப்பார்கள், மெயிலைப் பார்க்க மாட்டார்கள், கடைசி நாளில் வந்து கையைப் பிசைவார்கள் என்று எனக்குத் தோன்றியது. ஆறு பேருக்கும் மையத்தின் மெயிலையே போட்டேன். எங்கள் தொழிலில் இப்படித்தான் செய்வோம். சரக்கு யாருடையதாக இருந்தாலும் கடிதம் எல்லாம் ஏஜென்டுக்குத்தான் வரும்.

ஜெர்மனியிலிருந்து டாக்டர் உர்சுலா முதல் வாரமே எழுதினார். ஆறு பேருக்கும் ஒரே முகவரி இருக்கிறதே, தவறாகப் பதிவாகியிருக்கிறதா என்று கேட்டார். தவறில்லை மேடம், எல்லாம் என் மேற்பார்வையில் இருக்கிறது என்று பெருமையாகப் பதில் போட்டேன். அவர் அதற்குப் பதில் எழுதவில்லை. ஒத்துக்கொண்டார் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

பிள்ளைகள் வகுப்புக்கு மையத்துக்கே வந்துவிட வேண்டும் என்பது அடுத்த ஏற்பாடு. அதற்குக் காரணம் இருந்தது. ஒருவன் வீட்டில் ஒரே அறை. ஒருத்தி வீட்டருகே லாரி ஷெட். மும்தாஜ் வீட்டில் மதியமானால் மின்சாரம் போய்ப் போய் வரும். எங்கள் மையத்தில் மட்டும் என்ன வாழ்கிறதாம்? கீழே டயர் கடையில் காற்றடிக்கும் கம்ப்ரஸர் ஓட ஆரம்பித்தால் பேராசிரியர் வாய் அசைவது மட்டும்தான் தெரியும். வெளியே கன்டெய்னர் லாரி ஹாரன் அடித்தால், அது எங்கள் மைக் வழியாகப் போக, எகிப்தில் இருக்கிற பையன் காதைப் பொத்திக்கொள்வான். கீழே இறங்கிப் போய்க் கம்ப்ரஸரை நிறுத்தச் சொல்லிக் கெஞ்சுவதே என் தினசரி வேலையாகிவிட்டது.

"இன்னா சார், உங்க ஜெர்மன்காரனுக்காக நான் கடைய மூடிக்கவா?" என்பார் டயர் கடைக்காரர். அவர் கேட்பதிலும் நியாயம் இருந்தது. அதனால்தான் எரிச்சல் இன்னும் அதிகமானது.

4. இரண்டு கணக்கு

வகுப்பு ஒவ்வொன்றும் ஒவ்வொரு நேரத்தில். ஒரு நாள் பதினொன்றரை, ஒரு நாள் மூன்றரை. ஜெர்மன் நேரத்தோடு மூன்றரை மணி நேரம் கூட்டி, நம் நேரத்தைக் கண்டுபிடித்து, அட்டவணையை என் டிராயரில் வைத்துக்கொண்டேன். டிராயரில் என்றால் உண்மையிலேயே டிராயரில்தான், சாவி என் இடுப்பில். பிள்ளைகளுக்கு வாட்ஸப்பில் ஒரு மணி நேரம் முன்னதாக நேரம் போடுவேன். பதினொன்றரை வகுப்புக்குப் பத்தரை என்று போடுவேன்.

அருமையாக நடந்தது. ஆறு பேரில் ஐந்து பேர் சரியாகப் பதினொன்று இருபதுக்கு வந்து நிற்பார்கள். பத்தரை என்று சொல்லாமல் பதினொன்றரை என்றே சொல்லியிருந்தால் இவர்கள் பன்னிரண்டரைக்குத்தான் வந்திருப்பார்கள் என்று ஸ்டெல்லா மேடத்திடம் சொல்லிக்காட்டுவேன்.

"முப்பத்தோரு வருஷ சர்வீஸ் சார் உங்களுக்கு. சும்மாவா?" என்று அவரும் சொல்வார்.

எனக்குத் தெரியாமல் அந்தப் பக்கத்தில் இன்னொரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. காதர் பாய் முதல் நாளே மகளிடம் சொல்லியிருக்கிறார், ஏகாம்பரம் சொல்கிற நேரத்தோடு ஒரு மணி நேரத்தைக் கூட்டிக்கொள் என்று. அவள் மற்றப் பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறாள். நான் கழித்தேன், அவர்கள் கூட்டினார்கள். விடை சரியாக வந்தது. என் கணக்கு பலிக்கிறது என்று நான் மார்தட்டிக்கொண்டேன்.

ஒருவன் மட்டும் இந்தக் கணக்கில் சேரவில்லை. நெட்டுக்குப்பத்து தினேஷ். அப்பாவும் அண்ணன்களும் கடலுக்குப் போகிறவர்கள், குடும்பத்தில் இவன்தான் முதல் டிகிரி. ஆறு பேரில் கடைசியாகத்தான் எங்களிடம் சேர்ந்தான், யாரோடும் அதிகம் பேச மாட்டான். பத்தரை என்றால் பத்தரைக்கே வந்து, ஒரு மணி நேரம் வாயைத் திறக்காமல் பெஞ்சில் உட்கார்ந்திருப்பான். படகு கிளம்பும் நேரம் என்றால் அந்த நேரம்தான் என்று பழகிய வீடு. அவனைப் பார்த்தாவது எனக்குப் புத்தி வந்திருக்கலாம். என் ஏற்பாட்டின் வெற்றிக்கு அவனை உதாரணம் காட்டிக்கொண்டிருந்தேன்.

கடைசிப் பேச்சு எங்கள் ஆறு பேருக்கும் ஆளுக்கு ஒரு நாள். தினேஷுக்கு வியாழக்கிழமை. வழக்கம்போல் ஒரு மணி நேரம் முன்னால் வரச் சொல்லியிருந்தேன். வந்தான். அன்று நான் வங்கிக்குப் போயிருந்தேன். பெஞ்சில் உட்காராமல், நல்ல பிள்ளையாகக் கம்ப்யூட்டரைப் போட்டு லிங்க்கைத் திறந்துவிட்டான். எல்லா நாட்டுக் குழுவுக்கும் ஒரே லிங்க். உள்ளே பிரேசில் பெண் ஒருத்தி பேசிக்கொண்டிருந்தாள். நடுவில் இவன் நுழைந்து, "ஹலோ சார், கேக்குதா? ஹலோ? சார், நான் தினேஷ், கேக்குதா?" என்று மூன்று முறை கத்தியிருக்கிறான். அந்தப் பெண் பயந்துபோய்ப் பேச்சை நிறுத்திவிட்டாள்.

சாயங்காலம் டாக்டர் உர்சுலாவிடமிருந்து மெயில். மரியாதையான மெயில்தான், ஒரு வார்த்தை கடுமையில்லை. மாணவர்களுக்குச் சரியான நேரத்தைத் தெரிவிக்கும்படி கேட்டுக்கொள்கிறோம், நாளைய பேச்சாளருக்கும் அவ்வாறே தெரிவிக்கவும் என்று எழுதியிருந்தார். எனக்கு முகத்தில் அறைந்ததுபோல் இருந்தது. முப்பத்தோரு வருஷத்தில் நேர விஷயத்தில் என்னை யாரும் குறை சொன்னதில்லை.

நாளைய பேச்சாளர் மும்தாஜ். ஒன்றரை மணிக்கு. ரோஷத்தில் சரியாக ஒன்றரை என்றே வாட்ஸப்பில் போட்டேன். காதர் பாய்க்கும் போன் செய்து சொன்னேன்.

"பாய், நாளைக்கு ஒன்றரை. மறந்துடாதீங்க."

"ஒன்றரையா? சரி சரி. உன் டைம் எனக்குத் தெரியாதா ஏகாம்பரம்? எத்தினி வருசமா பாத்துகினு கீறேன்" என்று சிரித்தார்.

அவர் சிரித்தது எதற்கு என்று நான் யோசிக்கவில்லை.

5. எடை மேடை

இப்போது அந்த ஒன்று இருபத்தெட்டுக்கு வருகிறேன்.

காதர் பாய்க்குப் போன் போட்டேன். ஸ்விட்ச் ஆஃப். அப்போதுதான் உறைத்தது, வெள்ளிக்கிழமை, ஜும்மா தொழுகை. மும்தாஜுக்குப் போட்டேன். எடுத்தாள். பின்னால் இரும்பு ஷீட் இறக்கும் சத்தம் காதைக் கிழித்தது.

"எங்கம்மா இருக்கே?"

"குடோன்ல கீறேன் சார். அத்தா தொழுகைக்குப் போயிருக்காரு. வந்ததும் கூட்டினு வருவாரு. ரெண்டரைக்குள்ள வந்துடுவோம்."

"ரெண்டரையா? ஒன்றரைன்னு தலைப்பாடா அடிச்சுக்கிட்டேனேம்மா!"

"ஆமா சார். நீங்க ஒன்றரைன்னா ரெண்டரைதானே? எப்பவுமே அப்படித்தானே சார்?"

ஆறு வாரம் என் கணக்கு பலித்த கதை முழுவதும் ஒரே நொடியில் புரிந்தது. திட்டலாம் என்று வாயைத் திறந்தேன். யாரைத் திட்டுவது?

"இன்னிக்கு நெசமாவே ஒன்றரைம்மா" என்றேன்.

"அப்ப எல்லாம் போச்சா சார்?" என்றாள். அவள் குரல் அப்படி உடைந்து நான் கேட்டதில்லை. அந்தக் குரல் இன்னும் என் காதில் இருக்கிறது.

சாத்தாங்காட்டிலிருந்து எங்கள் மையத்துக்கு அந்த நேரத்தில் அரை மணி நேரத்துக்குக் குறைந்து வர முடியாது. நான் திரை முன்னால் போய், காலி நாற்காலியில் உட்கார்ந்து, மைக்கைத் திறந்தேன். மேடம், ஒரு சின்னச் சிக்கல், மாணவி இன்னும் வந்துசேரவில்லை என்று இழுத்தேன்.

டாக்டர் உர்சுலா கடிகாரத்தைப் பார்த்தார். "இன்னும் நேரம் இருக்கிறதே. அட்டவணையில் சி.டி. என்று போட்டிருக்கிறோம். கால் மணி கழித்துத்தான் பெயர் வாசிப்போம்" என்றார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அட்டவணையை எடுத்துப் பார்த்தேன். ஒவ்வொரு நேரத்துக்குப் பக்கத்திலும் அந்த இரண்டு எழுத்து இருந்தது. ஏதோ அவர்கள் ஆபீஸ் குறி என்று ஆறு வாரமாக அதைத் தாண்டிப் போயிருக்கிறேன். வகுப்பு தினமும் கால் மணி தள்ளித் தொடங்கியதையும் அந்தப் பக்கத்து நெட் கோளாறு என்றே நினைத்திருந்தேன். ஜெர்மனியில் பல்கலைக்கழக வகுப்பு, குறித்த மணிக்குக் கால் மணி நேரம் கழித்துத் தொடங்குவது பழைய வழக்கமாம். அதைத்தான் அந்த எழுத்து சொல்கிறதாம். தாமதத்தைக்கூட அட்டவணையிலேயே அச்சடித்து எல்லாருக்கும் கொடுத்துவிடுகிறார்கள்.

மும்தாஜிடம் சொன்னதும், "ஐயோ, சி.டி.யா சார்? ரெண்டாவது வாரமே கிளாஸ்ல சொன்னாங்களே!" என்றாள். அவளுக்கு அதன் அர்த்தம் தெரியும், அட்டவணையைப் பார்த்ததில்லை. அட்டவணை என் டிராயரில் இருந்தது, எனக்கு அர்த்தம் தெரியாது. தலையில் அடித்துக்கொள்ளத்தான் நேரமில்லை.

"குடோன் வேணாம்மா, சத்தம். வேற எங்கயாவது உக்கார முடியுமா?"

"எதிர்ல எடை மேடை கேபின் கீது சார். கண்ணாடி போட்டது. நெட்டும் கீது."

லாரியை மேலே ஏற்றி நிறுத்தி எடை போடும் மேடை. பக்கத்தில் கண்ணாடிக் கூண்டுபோல ஒரு சின்ன அறை, அதில் எடை போடுகிறவர் உட்கார்ந்திருப்பார். ஓடு என்றேன். லிங்க்கை அனுப்பினேன்.

ஒன்று நாற்பத்தைந்து. பெயர் வாசிக்க ஆரம்பித்தார்கள். மும்தாஜ் என்று வாசித்தபோது அவள் போனுக்கான புதுக் கட்டம் கறுப்பாக இருந்தது. இரண்டாவது முறை வாசித்தார்கள். கட்டம் திறந்தது. மூச்சு வாங்க அவள் முகம், பின்னால் சிவப்பு எழுத்தில் எடை காட்டும் பெட்டி, அதற்கும் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்ற எடை மேடைக்காரர்.

"பிரசென்ட்" என்றாள்.

படங்களெல்லாம் எங்கள் கம்ப்யூட்டரில் இருந்தன. அவள் கையில் போன் மட்டும். படமே இல்லாமல் பேசினாள். மழைக்குச் சடையங்குப்பத்தில் வீடுகளுக்குள் நிற்கிற தண்ணீரில் என்னென்ன கலந்திருக்கிறது, அதை எந்த இடத்தில் எந்த மணிக்கு எடுத்துச் சோதித்தால் உண்மை தெரியும், தப்பான நேரத்தில் எடுத்தால் எப்படி எல்லாம் சுத்தமாகத் தெரியும் என்று விளக்கினாள். இதைச் சரியாகச் செய்யக் கற்றுக்கொள்ளத்தான் அங்கே வர வேண்டும் என்றாள். நடுவில் ஒரு லாரி மேடையில் ஏறியது. எடை மேடைக்காரர் கண்ணாடிக்கு வெளியே கையைக் காட்டி அதை அப்படியே நிற்கவைத்தார். டிரைவர் ஹாரன் அடிக்கவில்லை. சாத்தாங்காட்டில் அது எவ்வளவு பெரிய காரியம் என்று அங்கே போனவர்களுக்குத் தெரியும்.

பேசி முடித்தாள். அதோடு விட்டார்களா? மாணவி மையத்தில் என் கண்முன்னால் உட்கார்ந்து பேசுவார் என்று நான் படிவத்தில் கையெழுத்துப் போட்டிருந்தேன். ஏன் இடம் மாறியது, இதை ஏற்கலாமா என்று முடிவு செய்ய வேண்டும் என்றார் டாக்டர் உர்சுலா.

மும்தாஜ் உடனே, "நான் நேரத்தைத் தவறாகப் புரிந்துகொண்டேன். தவறு என்னுடையது" என்றாள்.

எனக்கு நாக்கு நுனியில் டிராஃபிக் என்ற வார்த்தை தயாராக வந்து நின்றது. சத்தியமாக வந்து நின்றது. அதைச் சொன்னால் தப்பித்துவிடலாம் என்றும் தோன்றியது. ஆனால் அந்தப் பெண் என் தவற்றைத் தன் தலையில் போட்டுக்கொண்டு, பயத்தோடு கேமராவையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

மைக்கைத் திறந்தேன்.

"மேடம், தவறு என்னுடையது. நான் அவளுக்குச் சரியான நேரத்தைச் சொல்லிவிட்டேன்."

"மன்னிக்கவும். சரியான நேரத்தைச் சொன்னது எப்படித் தவறாகும்?" என்று கேட்டார் டாக்டர் உர்சுலா.

எல்லாவற்றையும் சொன்னேன். கட்-ஆஃப், லாரி, நான் கழித்த ஒரு மணி, அவர்கள் கூட்டிய ஒரு மணி, வியாழக்கிழமை வந்த ரோஷம். என் ஆங்கிலம் தடுமாறத் தடுமாறச் சொன்னேன். எகிப்துப் பையன்தான் முதலில் சிரித்தான். வாயைப் பொத்திக்கொண்டான். வியட்நாம் பெண், தன் வீட்டுக் கதையைக் கேட்பதுபோலத் தலையாட்டினாள். டாக்டர் உர்சுலா சிரிக்கவில்லை. எழுதிக்கொண்டார்.

"ஒன்று கேட்கிறேன்" என்றார். "நேரம் அவளுடையது. அதை அவளுக்கே நாங்கள் நேராக அனுப்பியிருந்தால் இது நடந்திருக்குமா? அவளுடைய மெயில் முகவரி எங்கே?"

முதல் வாரம் கேட்ட அதே கேள்வி. பரிசீலித்து எழுதுகிறோம் என்று சொல்லி அடுத்த பெயரை வாசித்தார்கள்.

இரண்டேகாலுக்கு மாடிப்படியில் காதர் பாய் குரல் கேட்டது. தலையில் தொப்பியைக்கூட எடுக்கவில்லை, பின்னால் மகள்.

"இன்னா ஏகாம்பரம், திடீர்னு நெசம் பேசுனா எனக்கு எப்புட்ரா தெரியும்? இன்னிக்கு நெசம்னு ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?"

"தினமும் சொல்றதை நெசம்னுதானே பாய் சொல்வேன்?"

"அத்தான் நானும் சொல்றேன்!"

இரண்டு பேரும் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டு நின்றோம். மும்தாஜ் இருவரையும் பார்க்காமல், தொங்கிக்கொண்டிருந்த போஸ்டரின் முனையை அழுத்தி ஒட்டினாள். அவள் அழுகிறாள் என்று முதுகைப் பார்த்தே தெரிந்தது. காதர் பாய் தொப்பியை எடுத்து மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

6. உங்களுக்கு ஒன்று

நான்கு நாள் கழித்து மெயில் வந்தது. அந்த நான்கு நாளும் நான் சோறு தின்றது பேருக்குத்தான். மாணவியின் பேச்சை ஏற்கிறோம், அவர் தேறிவிட்டார், இனி ஆறு பேருடைய கடிதங்களும் அவரவர் சொந்த முகவரிக்கே போகும், மையத்துக்கு வராது என்று எழுதியிருந்தார்கள். சந்தோஷத்தில் முதல் வரியைத்தான் ஸ்டெல்லா மேடத்திடம் வாசித்துக் காட்டினேன். கடைசி வரியை அவரே வாசித்துக்கொண்டார்.

"கொஞ்சம் முன்னாடியே செஞ்சிருக்கலாம் சார்" என்றார். அவ்வளவுதான்.

அன்றிலிருந்து மையத்துக்கு வருகிற பிள்ளைகளுக்குப் போர்டில் ஒரே நேரம்தான் எழுதுகிறேன், உண்மையான நேரம். அதற்குக் கிடைத்த பலன் என்ன தெரியுமா? மூன்று மாதம் ஒருவரும் நேரத்துக்கு வரவில்லை. எல்லாரும் ஒரு மணி நேரம் கூட்டிக்கொண்டே வந்தார்கள். இது நிஜ நேரம் என்று சிவப்பு மையில் கீழே எழுதிப்போட்டேன். முன்பும் இப்படித்தானே சொன்னார் என்று அதையும் நம்பவில்லை. நான் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தேன்.

பிப்ரவரியில் மும்தாஜ் வந்தாள்.

"சார், நேர்முகத்துக்குக் கூப்ட்டு இருக்காங்க. மெயில் எனக்கே வந்துது. வியாழக்கிழமை மதியம் ஒரு மணி. ரூம் வேணும் சார்."

வியாழக்கிழமை பதினொன்றரைக்கே மையத்தைத் திறந்தேன். ஏசி போட்டேன். நெட்டை இரண்டு முறை சோதித்தேன். கீழே போய் டயர் கடைக்காரர் கையைப் பிடித்துக் கம்ப்ரஸரை நிறுத்தினேன். பன்னிரண்டே முக்கால் ஆயிற்று. வரவில்லை. ஒரு மணி ஆயிற்று. வரவில்லை. அவள் போன் எடுக்கவில்லை. காதர் பாய், "வருவா, வருவா" என்று சொல்லி வைத்துவிட்டார். ஒன்றேகாலுக்கு எனக்குச் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது, ஏசி ஓடிக்கொண்டிருக்கும்போதே. இந்தத் தடவை நான் ஒன்றும் செய்யவில்லையே என்று சுவரைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஒன்று நாற்பதுக்கு நிதானமாகப் படியேறி வந்தாள்.

"ஏம்மா, உனக்கு அறிவிருக்கா? மணி என்ன ஆகுது?"

"நேர்முகம் ரெண்டு மணிக்கு சார்."

"ஒன்னுன்னு சொன்னியேம்மா!"

"அது உங்களுக்கு சார்" என்றாள். கிண்டல் இல்லை, பையை இறக்கி வைத்துக்கொண்டே சாதாரணமாகச் சொன்னாள். "சாவி எடுத்துனு வரணும், ஏசி போடணும், நெட்டு பாக்கணும், டயர் கடைல சொல்லணும். எல்லாம் லேட் ஆயிடும், ஏகாம்பரத்துக்கு ஒரு மணி நேரம் முன்னாடியே சொல்லிடுன்னு அத்தா சொன்னாரு."

எனக்கு நிஜ நேரத்தைச் சொல்லும் அளவுக்கு இவர்கள் என்னை நம்பவில்லையே என்று மனசு கொதித்தது. ஒரு மணியிலிருந்து ஒன்று நாற்பது வரை நான் பட்ட பாட்டை, முப்பத்தோரு வருஷமாக என் பேச்சைக் கேட்டு, சீக்கிரம் வந்து, சாப்பிடாமல் துறைமுக கேட்டில் காத்துக் கிடந்த ஒவ்வொரு டிரைவரும் பட்டிருப்பான். அதை அன்றைக்கு நாற்காலியில் உட்கார்ந்துதான் தெரிந்துகொண்டேன்.

சரியாக இரண்டு மணிக்குத் திரை திறந்தது. இந்தத் தடவை கால் மணி சலுகை கிடையாது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. நான் வெளியே வந்து கதவைச் சாத்திவிட்டேன்.

புதிதாக இந்த வேலைக்கு வருகிற தம்பி தங்கைகளுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். விண்ணப்பம் யாருடையதோ, மெயில் அவருடையதாக இருக்கட்டும். நேரத்தை உள்ளபடி சொல்லுங்கள், வராதவர் வராமல் போகட்டும். நல்லதற்குத்தானே என்று ஒரு மணி நேரத்தைத் திருத்திச் சொல்லாதீர்கள். ஒரு நாள் உண்மையைச் சொல்ல வேண்டியிருக்கும், அன்றைக்கு உங்களை நம்ப ஆள் இருக்காது.

மும்தாஜ் இப்போது அங்கேதான் படிக்கிறாள். போன மாதம் போன் செய்தாள். குளிர், ரொட்டி, லேப் என்று நிறையப் பேசினாள். அங்கே இப்போது மணி என்ன என்று கேட்டேன். சொன்னாள். போனை வைத்ததும் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தேன். சரியாகத்தான் சொல்லியிருந்தாள்.